பெரியம்மா எப்போது படித்தார்?

3 ஜூன் 2025

ஒருவர் கேட்டிருக்கிறார்: "உங்கள் பெரியம்மா மறைவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தெருவில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் துணைக்குப் போனவர், ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர், சத்துணவு மையத்திலும் வேலை பார்த்தவர் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே ஆயிரம் புத்தகம் படித்தவர் என்கிறீர்கள். இரண்டில் ஏதோ ஒன்று மிகை. ஊர் வேலைக்கு ஓடுகிறவர் எப்போது படித்தார்?"

மிகையில்லை. ஆனால் ஆயிரம் என்ற எண்ணைத் திரும்பப் பெறுகிறேன். நான் எண்ணிப் பார்த்ததில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு தகர டிரங்குப் பெட்டியும் இரண்டு அட்டைப்பெட்டிகளும் இருந்தன. அவை நிரம்பிவிட்டால் பழையதை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் புதியதற்கு இடம் செய்வார். எத்தனை வந்தன, எத்தனை போயின என்று எப்படிச் சொல்வது?

எப்போது படித்தார் என்பதற்கு என் பதில்: இரவில். பள்ளி விடுமுறையில் நான் அங்கே போய்த் தங்குவேன். பெரியப்பாவுக்கு மில்லில் இரவு ஷிஃப்ட். நடுவில் எனக்கு விழிப்பு வந்தால், சிம்னி விளக்கின் முன் பெரியம்மா குனிந்து உட்கார்ந்திருப்பது தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவர். அந்த ஆத்திரத்தையெல்லாம் இரவில் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

3 ஜூன், இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. நோட்டம்மா என்பார்கள். கையில் எப்போதும் ஒரு நீளமான நோட்டு இருக்கும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

5 ஜூன்

அவ்வளவு புத்தகம் வாங்கப் பணம் ஏது என்று இன்னொருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பதில் ஒரே சொல்: மூர் மார்க்கெட்.

இப்போது சென்ட்ரல் அருகே புறநகர் ரயில்கள் புறப்படும் நிலையம் இருக்கிறதே, அந்த இடத்தில்தான் அந்தச் செங்கல் கட்டடம் நின்றது. 1900-இல் திறக்கப்பட்டது. பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து வால்டாக்ஸ் சாலை வழியாக நடந்தே கூட்டிப்போவார். பஸ்ஸுக்கு ஆகும் காசில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. பேரம் பேச மாட்டார். கடைக்காரர் விலை சொன்னதும் புத்தகத்தை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, அடுத்த புத்தகத்தைப் புரட்டுவார். கடைக்காரரே விலையைக் குறைத்துவிடுவார்.

1985 மே 30 அன்று மார்க்கெட் எரிந்தது. எனக்கு ஒன்பது வயது, கோடை விடுமுறை. மறுநாள் காலையில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கிட்டே போக விடவில்லை. எரிந்த காகிதம் நனைந்து கிடந்தால் ஒரு வாடை வருமே, அது இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அவர் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கூட்டத்துக்குள் தேடித் தேடி, வழக்கமாகப் புத்தகம் வாங்கும் கடைக்காரரைக் கண்டுபிடித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டு ரூபாயை அவர் கையில் வைத்தார். போன மாதத்துப் பாக்கி. அந்த மனிதர் பணத்தைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கடைகளை அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றினார்கள். பெரியம்மா அங்கேயும் போனார்.

6 ஜூன்

பெரியம்மா வீட்டிலேயே செய்த புத்தக பைண்டிங் பற்றிக் கேட்டவர்களுக்கு, நான் பார்த்தபடி.

வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கேட்டு வாங்கிச் சேர்ப்பார். நடுவில் இருக்கும் கம்பியைக் கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்தால்தான் தாள் கிழியாமல் வரும். கையால் இழுத்தால் மண்டையில் ஒரு குட்டு விழும். அத்தியாய வரிசையில் அடுக்கி, விளிம்பைத் தரையில் தட்டிச் சமன்செய்து, ஆணியால் மூன்று துளை போட்டு, கோணி ஊசியில் மெழுகு தேய்த்த நூலைக் கோத்துத் தைப்பார். எங்கள் பகுதி எம்.சி. சாலை முழுக்கத் துணிக்கடைகள். புடவை வரும் அட்டைப்பெட்டிகள் சும்மாவே கிடைக்கும். மேலட்டை அதுதான். முதுகுக்கு ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டு.

பசைக்கு மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, இறக்கும் முன் மயில்துத்தம் ஒரு சிட்டிகை பொடித்துப் போடுவார். பசை இளநீலமாக மாறும். துத்தம் விஷம், பூச்சி அண்டாது, கரப்பான் அட்டையைக் கொறிக்காது. பசை ஆறும் வரை குழந்தைகள் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. அந்தப் பாத்திரம் வேறு எதற்கும் ஆகாது என்று கொடியில் சிவப்புத் துணி கட்டித் தனியாகத் தொங்கவிட்டிருப்பார். ஒட்டி முடித்ததும் மேலே அம்மிக்கல். மறுநாள் காலை வரை வீட்டில் சட்னி கிடையாது.

ஒரு வாரத்துப் பத்திரிகை கிடைக்கவில்லை என்றால் கதையில் ஓட்டை விழுமே? அந்த வாரம் படித்தவர்களைத் தேடிப் போய்க் கதை கேட்டு, தன் கையால் ஒரு தாளில் எழுதி அந்த இடத்தில் தைத்துவிடுவார். ஒரு கதையில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா இரண்டையும் எழுதித் தைத்திருக்கிறார். "எதிர்வீட்டு அம்மா சொன்னபடி", "பால்காரர் மகள் சொன்னபடி" என்று தலைப்பு. எது சரி என்று தெருவே ஒரு மாதம் வாதாடியது.

9 ஜூன்

அக்கா தொலைபேசியில் அழைத்தாள். பெரியம்மாவின் ஒரே மகள். நான் இதுவரை எழுதியதையெல்லாம் அவள் பேரன் படித்துக் காட்டியிருக்கிறான். முக்கால் மணி நேரம் பேசினாள். பாதி நேரம் கோபம்.

முதல் திருத்தம். "இரவில் படித்தாள் என்று உனக்கு யார் சொன்னது? பத்து மணிக்கு வீட்டுக்காரர் மெயினை அணைத்துவிடுவார். சிம்னி வெளிச்சத்தில் அச்செழுத்தைப் பார்த்தால் கண் போய்விடும் என்று அம்மா புத்தகத்தைத் தொடவே மாட்டாள். நீ பார்த்தது அவள் மனு எழுதியது. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது. பெரிய பெரிய எழுத்தாகத் தானே எழுதுவாள், அதற்கு அந்த வெளிச்சம் போதும்."

அப்படியானால் எப்போது படித்தார் என்று கேட்டேன். அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "வெளியில்தான். காத்திருக்கும்போது. ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனால் ராத்திரி பகல் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். தாசில்தார் அலுவலகம் போனால் அரை நாள். தண்ணீர் லாரி வரும் வரைக்கும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். பையில் ஒரு புத்தகம் இல்லாமல் கிளம்பமாட்டாள்."

இதை நான் யோசித்ததே இல்லை. ஊர் வேலை அவர் படிப்பைத் தின்றிருக்கும், மிச்சம் கிடைத்த இரவில் படித்தார் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் அவரால் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க முடியாது. அடுப்பு, துணி, மாமியார். பிறருக்காகப் போய் உட்கார்ந்த இடத்தில்தான் அவரை யாரும் "என்ன சும்மா உட்கார்ந்திருக்கிறாய்" என்று கேட்கவில்லை.

இரண்டாவது திருத்தத்தை எழுதலாமா என்று அக்காவிடமே கேட்டேன். எழுது என்றாள். "அவள் ஊருக்கு ஓடிய நாளில் எல்லாம் எனக்குச் சோறு போட்டது எதிர்வீட்டு ஆயா. நான் வயதுக்கு வந்த அன்று அம்மா வேறொரு பெண்ணோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததாம். வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னாள். புத்தகம் என்றால் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, தெரியுமா?"

தெரியாது. நாற்பது வருடமாகப் பழகுகிறேன்; தெரியாது.

10 ஜூன்

பெற்ற மகளின் மனக்குறையைப் பொதுவில் வைக்கலாமா என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அவள் வைக்கச் சொன்னாள், வைத்தேன். பெரியம்மாவைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அவருக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள், அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாரும் காணாமல் போய்விடுவார்கள். எதிர்வீட்டு ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் இல்லையென்றால் நோட்டம்மா இல்லை.

15 ஜூன்

பெரியப்பா எப்படி இதற்கெல்லாம் சம்மதித்தார் என்ற கேள்விக்கு வருகிறேன். அவர் பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தார். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கூட்டம், பேச்சு, படிப்பு எதுவும் புதிதில்லை. 1918 ஏப்ரல் 27-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள். அதை முன்னின்று நடத்திய பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததைப் பெரியப்பா சொல்லித்தான் நான் கேட்டேன். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்றை நடத்தினார்கள். பக்திச் சொற்பொழிவுதான். திரு.வி.க.வும் அங்கே வந்து பேசியிருக்கிறார். மில்காரர்கள் கேட்க வந்தார்கள். புராணம் கேட்டு முடித்ததும் தங்கள் கஷ்டத்தைப் பேசினார்கள். சங்கம் அங்கேயிருந்து முளைத்தது.

பெரியப்பா இதை வருடத்துக்கு நான்கு முறையாவது சொல்வார். "நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தர் படிப்பதைக் கேட்டால் ஏதாவது நடக்கும்" என்பார். 1996-இல் மில் மூடியபோது அவருக்கு ஐம்பத்தைந்து. அதற்குப் பிறகு பெரியம்மா வெளியே போன நாளில் சமைத்தவர் அவர்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது" என்றாள்.

1 ஜூலை

எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கிய நாள். 1982. பெரியம்மாவுக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது அந்த வருடம்தான். முப்பத்தைந்து வயதில் முதல் சம்பளம். சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அதற்கும் முன்பே, 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில் தொடங்கியது. வண்ணாரப்பேட்டைக்காரர்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், தியாகராயர் பெயரில் கல்லூரியே அங்கே இருக்கிறது.

பெரியம்மா செய்தது சின்ன காரியம். சோறு வடிந்து சாம்பார் கொதி அடங்குவதற்கு எப்படியும் கால் மணி நேரம் ஆகும். பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு கதையை எடுத்துப் படிப்பார். சாம்பார் வந்ததும், வரி பாதியில் இருந்தாலும், புத்தகத்தை மூடிவிடுவார். அதனாலேயே மறுநாள் மட்டம் போடாமல் வந்தவர்கள் உண்டு. இப்போது கல்மண்டபத்தில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் துக்கத்துக்கு வந்தபோது என்னிடம் கேட்டது: "அந்தக் குள்ளன் கதை கடைசியில் என்ன ஆயிற்று சார்? நான் அஞ்சாவதோடு நின்றுவிட்டேன்."

எனக்கும் தெரியவில்லை. எந்தக் கதை என்று யாருக்காவது பிடிபட்டால் எழுதுங்கள், அவரிடம் சொல்ல வேண்டும்.

6 ஜூலை

நோட்டு. அக்கா பேரன் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

நான் துக்கத்தன்று சிலரிடம் சொன்னது: நோட்டின் முன்பக்கத்திலிருந்து புத்தகக் கணக்கு, பின்பக்கத்திலிருந்து ஊர் வேலைக் கணக்கு, இரண்டும் நடுவில் சந்திக்கின்றன. கேட்பதற்கு நன்றாக இருந்தது. உண்மை இல்லை. நடுவில் பதினொரு தாள் வெறுமையாக இருக்கிறது. நான் நோட்டைச் சரியாகப் பார்க்காமலேயே பேசியிருக்கிறேன்.

முன்பக்கக் கணக்கு இப்படி: புத்தகத்தின் பெயர், இரவல் வாங்கியவர் வீட்டு எண், தேதி, திரும்பி வந்த தேதி, நிலைமை. நிலைமை என்ற பத்தியில் "எண்ணெய்க் கறை", "மூலை மடிப்பு, கண்டித்தேன்", "பிள்ளை கிறுக்கியது, பரவாயில்லை". ஒருவருக்கு மட்டும் "இனி இல்லை" என்று போட்டிருக்கிறார். மனைவியை அடிப்பவர் என்று அக்கா சொன்னாள். ஏழு மாதம் கழித்து அதே வீட்டு எண்ணுக்கு மீண்டும் புத்தகம் போயிருக்கிறது. இந்த முறை மனைவியின் பெயரில்.

பின்பக்கத்தில் மனுக்கள். யாருக்கு, எந்த அலுவலகம், எத்தனையாவது முறை, முடிந்ததா. ஒரு மூதாட்டியின் உதவித்தொகைக்கு ஒன்பது தேதிகள் இருக்கின்றன. பத்தாவது இடத்தில் "வந்தது". அதற்குக் கீழே கோடு.

6 ஜூலை, பின்னிரவு

தூக்கம் வராமல் நோட்டை மறுபடி புரட்டினேன். ஒரே ஒரு பக்கத்தில் இரண்டு கணக்கும் கலந்திருக்கின்றன. 2004 டிசம்பர் கடைசி வாரம். சுனாமி வந்த வாரம். காசிமேட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் தங்கியிருந்த பள்ளிக்கு அவர் நாள்தோறும் போனார். குடும்ப அட்டை கடலோடு போனவர்களின் பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறார். அதே பட்டியலில், பெயருக்கு எதிரிலேயே, அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த புத்தகத்தையும் எழுதியிருக்கிறார். திரும்பி வந்த தேதி ஒன்றுகூட இல்லை. "நிலைமை" பத்தியை அந்தப் பக்கத்தில் அவர் போடவே இல்லை.

20 ஜூலை

மூலக்கொத்தளம் மயானம் பற்றி ஒரு சிறு குறிப்பு. பெரியம்மாவை அங்கேதான் கொண்டுபோனோம். 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் அங்கே இருப்பது பலருக்குத் தெரியும். தருமாம்பாள் அம்மையார் நினைவிடமும் அங்கேதான். 1938 நவம்பரில் வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடி, ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைக்கத் தீர்மானித்தது. தலைமை நீலாம்பிகை அம்மையார். தருமாம்பாளும் மீனாம்பாள் சிவராஜும் முன்னின்று நடத்தியவர்கள். மூர் மார்க்கெட்டுக்குப் போகும்போது அந்தச் சாலையில் ஓரிடத்தில் பெரியம்மா நின்று, "இங்கேதான் கண்ணு, பொம்பளைகள் கூடிப் பேர் வைத்தார்கள்" என்பார். எனக்குப் பசியாக இருக்கும். நான் காது கொடுத்ததில்லை.

12 ஆகஸ்ட்

நூலகர் நாள். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதனின் பிறந்தநாள். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. இன்று சொத்துவரியோடு நூலக வரி போவதும் அந்தச் சட்டத்தால்தான். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. பெரியம்மாவுக்கு அவரைத் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்ததாக எது வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்.

நேற்று அக்கா வீட்டில் டிரங்குப் பெட்டியைப் பிரித்தோம். எங்கள் பகுதி நூலகம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கும்போது தாள்கள் விழத் தொடங்கின. ஓ.பி. சீட்டு. ரேஷன் கடை பில். பஸ் டிக்கெட். தாலுகா அலுவலகத்தில் கொடுத்த டோக்கன். புத்தகம் நிறுத்திய இடத்துக்கு அடையாளமாக, கையில் எது இருந்ததோ அதை வைத்திருக்கிறார். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைச் சீட்டு மட்டும் பதினான்கு. எல்லாம் வேறு வேறு பெண்களின் பெயரில். ஒரு பெயரைப் பார்த்து அக்கா சொன்னாள்: "இவள்தான். இரட்டைக் குழந்தை." தேதியைப் பார்த்தாள். சீட்டை மடிக்காமல் அதே பக்கத்தில் வைத்து மூடினாள்.

முதலில் கேள்வி கேட்டவருக்கு: எப்போது படித்தார் என்பதற்கு அந்தச் சீட்டுகளில் தேதியே இருக்கிறது.

17 ஆகஸ்ட்

புத்தகங்களை நூலகத்தில் ஒப்படைத்தோம். சீட்டுகளை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றார்கள். அக்கா மறுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில், இருந்தபடியே வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு புத்தகத்தை மட்டும் அக்கா தரவில்லை. ஏப்ரலில் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அவர் பையில் இருந்தது. அன்றைக்கு வெளியே காத்திருந்தவள் அக்கா. 112-ஆம் பக்கத்தில் சீட்டு இருக்கிறது, பெரியம்மாவின் பெயரில். அங்கேயிருந்து தினமும் இரண்டு பக்கம் படிக்கிறாளாம்.

தொடக்கத்திலிருந்து படித்தால்தானே கதை புரியும் என்றேன்.

"அதுவரைக்கும் அம்மா படித்தாகிவிட்டதே" என்றாள்.